ஒரு பேராயரின் மனமாற்றம்: ஒஸ்கார் ரொமேரோ பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1977 பெப்ரவரியில், மத்திய அமெரிக்க நாடுகளுள் நிலப்பரப்பில் மிகச் சிறியதான எல் சல்வடோரின் தலைநகர் சான் சல்வடோருக்குப் புதிய பேராயர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அச்செய்தி கேட்டு மகிழ்ந்தோர் கோப்பித் தோட்ட உடைமையாளரும் அரசாங்கத்தினருமாவர். ஏமாற்றமடைந்தோர் கிராமங்களில் விவசாயிகளிடையே பணிபுரிந்துகொண்டிருந்த இளங்குருமார். மூன்றாண்டுகளும் ஒரு மாதமும் கழிந்து, 1980 மார்ச் 24ஆம் திகதி மாலை, அப்பேராயர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது ஒரேயொரு தோட்டாவினாற் கொல்லப்பட்டார். கொல்லும்படி உத்தரவிட்டவர் முன்னர் மகிழ்ந்தோரின் முகாமைச் சேர்ந்தவரே.

இம்மாற்றத்தை எவ்வாறு விளக்குவது? ஒஸ்கார் ஆர்னுல்போ ரொமேரோ பற்றி எழுதியோர் பொதுவாக மூவகை விளக்கங்களைத் தந்துள்ளனர். நண்பர் ஒருவரின் சடலத்தின் முன்னே ஓரிரவில் நிகழ்ந்த அற்புதம் அது என்பது பக்தர்கள் கூறுவது. இயேசு சபையினரின் சூழ்ச்சியில் அகப்பட்ட மனவலிமையற்ற ஒருவர் என்பது அவர் வாழ்ந்த காலத்திலேயே பகைவர் கூறியது. மூன்றாவது, எம்மவர் கூறுவது. ஈற்றில் அவர் 'நம்மவராக' மாறிவிட்டார் என்று மகிழ்ந்து, மேலும் ஆராய வேண்டியதில்லை என விட்டுவிடுதல். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றினும் ஒரு வகையில் ஒத்தவையே. அவரை மாற்றிய மக்களுக்கு மூன்றிலும் இடமில்லை.

மாக்சியவாதிகளாகிய எமக்கு இவ்விடயத்தில் ஒரு பழைய குறைபாடு உண்டு. சமயம் பற்றி மாக்ஸ் 1844இல் எழுதிய பகுதியில் 'அபின்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள வாக்கியங்களில் ஒடுக்கப்பட்டோரின் துயரமும் எதிர்ப்பும் சமயத்தினூடே வெளிப்படுதல் பற்றி அவர் கூறியதை மறந்துவிடுகிறோம். எங்கெல்ஸ் 1850இல் ஜேர்மன் விவசாயிகளின் போரை ஆராய்ந்தபோது தோமஸ் முன்சர் என்ற போதகரை அவ்வாறு மறக்கவில்லை. ஆயின் முன்சர் கலகக்காரராகவே வரலாற்றில் தோன்றியவர். ரொமேரோவோ திருச்சபை அதிகார அடுக்கின் உச்சியிலிருந்தவர். தாம் கலகக்காரரல்லர் என்று இறுதிவரை நம்பியவர். எனவே அவரைப் பற்றிய வினா முன்சரைப் பற்றியதைவிடக் கடினமானது.

எல் சல்வடோரின் நவீன வரலாற்றைக் கோப்பியின் வரலாறு எனக் கூறுவது மிகையாகாது. 1881, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், சுதேசிகளும் கிராமத்தவரும் பொதுவிற் பயிரிட்டுவந்த நிலங்களை ஒழித்து, அவற்றைத் தனியுடைமையாக்கின. இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த அதே காலத்தில் அங்கே கோப்பி முடிசூட்டிக்கொண்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தை அறிந்த எமது வாசகருக்கு, நிலமிழந்த கிராமத்தவர் பின்னர் அந்நிலத்திலேயே பருவகாலக் கூலிகளாகத் திரும்பிவந்த கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே தோட்டத் துரை அந்நியனல்லன். உள்நாட்டவன், கத்தோலிக்கன், ஆலயத்தின் முன்வரிசையில் அமர்பவன். 'பதினான்கு குடும்பங்கள்' என வழக்கிற் குறிப்பிடப்பட்ட அச்சிறுகுழுவின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியது திருச்சபை. அதன் கட்டடங்களுக்கு நிதி வழங்கியது அக்குழு.

1932 சனவரியில் மேற்கு மாகாணங்களின் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஜெனரல் மார்த்தினேசின் அரசாங்கம் சில வாரங்களுள் கொன்றொழித்தோர் தொகை பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரையெனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. கம்யூனிஸ்ட் தலைவர் பரபுந்தோ மார்த்தி பெப்ரவரி முதலாம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இராணுவத்தினரே ஆட்சி புரிந்தனர்; நிலம் முன்னையோரிடமே இருந்தது. கிராமப்புற விவசாயிகள் தொழிற்சங்கம் அமைத்தல் சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தது.

இக்கொலைகள் நிகழ்ந்தபோது ரொமேரோவுக்கு வயது 14. நாட்டின் கிழக்கே, சான் மிகுவேல் நகரின் சிறிய குருமடத்தில் மாணவனாக இருந்தார். 1917 ஓகஸ்ட் 15ஆம் திகதி அவர் பிறந்த ஊர் சியுதாத் பாரியோஸ். கோப்பிச் செய்கையை ஊக்குவித்த சனாதிபதி ஒருவரின் பெயரை அவ்வூர் தாங்கியிருப்பது தற்செயலே எனினும் கருதத்தக்கது. தந்தை தந்தி, அஞ்சல் அலுவலர். குடும்பம் வறுமையின் அடித்தட்டிலும் இல்லை, வசதியிலும் இல்லை. மகன் தச்சுத் தொழில் பழகினான்; குருமடத்தில் படிக்கையில் தாயார் நோயுற்ற காலத்தில் சகோதரருடன் அருகிலிருந்த தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தான். இத்தகைய கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு அந்நாட்டில் மேலெழுவதற்கு இருந்த வாயில்கள் இரண்டு: இராணுவக் கல்லூரி, குருமடம். அவர் பின்னைய வாயிலால் உரோமாபுரிவரை சென்றார். 1942 ஏப்ரில் 4ஆம் திகதி அங்கே குருத்துவப் பட்டம் பெற்றார். துறவொழுக்க இறையியலிற் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கினார். யுத்தம் காரணமாக 1943இல் நாடு திரும்ப நேர்ந்ததால் அது முற்றுப்பெறவில்லை.

அடுத்த இருபத்துமூன்று ஆண்டுகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். சான் மிகுவேலில் உழைப்புக்கு அஞ்சாத, கண்டிப்பான, மக்களால் விரும்பப்பட்ட பங்குக்குரு, மறைமாவட்டச் செயலாளர், பத்திரிகை ஆசிரியர். செல்வரிடம் பெற்று வறியோருக்குக் கொடுத்தார். கொடுப்பவன் எவ்வாறு செல்வனானான் என்ற கேள்வி அவரிடம் எழுந்ததாகத் தெரியவில்லை. 1967இல் ஆயர் பேரவையின் செயலாளராகத் தலைநகர் வந்தார். 1970இல் துணை ஆயரானார்.

இடைப்பட்ட காலத்தில் திருச்சபை மாறிக்கொண்டிருந்தது. 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்றது. 1968இல் கொலம்பியாவின் மெதெயினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், வறுமை ஊழ்வினையன்று, அது அமைப்பிற் பொதிந்துள்ள வன்முறை என்ற கருத்துப்பட அறிக்கை வெளியிட்டனர். கியூபாப் புரட்சிக்குப் பின்னர் அக்கண்டத்துத் திருச்சபை, தன் மக்களை இழந்துவிடலாம் என்ற அச்சத்தினாலும் இம்மாற்றத்துக்கு உந்தப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எளியோரின் நம்பிக்கைக்கும் அறிவாளரின் கோட்பாட்டுக்குமிடையே பிளவு ஏற்படாதிருத்தலே கத்தோலிக்கத் திருச்சபையின் நீண்டகாலக் கவலை என்று கிராம்சி தமது சிறைக் குறிப்பேடுகளிற் காட்டியுள்ளார். மெதெயினை அந்த ஒளியிலும் நோக்கலாம்.

ரொமேரோவுக்கு இம்மாற்றம் உவப்பானதாக இருக்கவில்லை. மறைமாவட்டப் பத்திரிகையை அவர் பொறுப்பேற்றபின் அதன் குரல் மிதமாயிற்று. 1973இல் இயேசு சபையினரின் பாடசாலை ஒன்றில் மாக்சியம் போதிக்கப்படுவதாக அதில் கண்டனம் எழுதினார். 1975இல் ஒப்புஸ் தேயி நிறுவுநரைப் புனிதராக்கும்படி பாப்பரசருக்கு விண்ணப்பித்தார். 1976 ஓகஸ்டில், அரசாங்கத்தினர் முன்னிலையில் ஆற்றிய மறையுரையில், இயேசுவைப் பற்றிய புதிய இறையியல் விளக்கங்களைச் சாடினார். ஆகவே 1977இல் தோட்ட உடைமையாளர் மகிழ்ந்தது அறியாமையால் அன்று. தாம் அறிந்த மனிதரையே அவர்கள் விரும்பினர்.

எனினும் அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. 1974இல் அவர் சந்தியாகோ தே மரியா என்ற கோப்பி மாவட்டத்தின் ஆயராக அனுப்பப்பட்டார். அறுவடைக் காலத்தில் மலைப்பகுதிக்கு வரும் கூலியாட்கள் இரவுக் குளிரில் நகரச் சதுக்கத்தின் வெறுந்தரையிற் படுத்துறங்குவதைக் கண்டார். மறைமாவட்ட மண்டபத்தை அவர்கள் தங்குவதற்குத் திறந்துவிட்டார். அவ்வேளை அவர் கண்ட பரிகாரம் பெரும்பாலும் தருமமே. ஆயினும் அம்மண்டபத்திற் படுத்தவர்களுடன் பேசியதனாற் கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு ஏமாற்றப்படுகிறது என்பவை அவருக்குத் தெரியவந்தன. 1975 சூனில் அவரது மாவட்டத்தின் திரேஸ் காயேஸ் என்ற கிராமத்தில் தேசியக் காவற்படையினர் விவசாயிகள் சிலரை வெட்டியும் சுட்டும் கொன்றனர். ரொமேரோ அங்கு சென்று இறந்தோரின் குடும்பத்தினரைக் கண்டார். உள்ளூர்ப் படையதிகாரியிடம் முறையிட்டார். தமக்குப் பழக்கமான சனாதிபதி மொலினாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பகிரங்கமாக எதுவும் கூறவில்லை. நல்லாட்சியாளன் அறியாமல் கீழலுவலர் செய்த தவறு என்ற நம்பிக்கை அவரிடம் இருந்தது. கடிதத்தால் எதுவும் நிகழவில்லை. 'ஓரிரவு அற்புதம்' என்ற கதையை ஏற்கமுடியாமைக்கு இதுவே முதற் காரணம்.

அடுத்த ஆண்டு அதே சனாதிபதி மிகச் சிறிய அளவிலான நிலச் சீர்திருத்தமொன்றை அறிவித்தார். உடைமையாளர் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். சில மாதங்களுள் அரசாங்கம் பணிந்தது. அரசு யாருடைய கருவி என்ற வினாவுக்கு அந்நாட்டு வரலாறு அளித்த விடை இது. தோற்ற சீர்திருத்தத்துக்கான பழி, விவசாயிகளைத் தூண்டிவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட குருமார்மீது விழுந்தது. குருமாரைக் கொல்வது தேசபக்தி என்ற கருத்துப்படத் துண்டுப்பிரசுரங்கள் உலாவின. ரொமேரோ பேராயரானது இச்சூழலிலேயே. பதவியேற்புக்கு இரு தினங்கள் முன் நடந்த சனாதிபதித் தேர்தலில் பெருமோசடி நிகழ்ந்தது. பதவியேற்று ஒரு வாரத்தில், அதனை எதிர்த்துத் தலைநகரச் சதுக்கத்திற் கூடியிருந்தோர்மீது படையினர் சுட்டனர்.

தலைநகருக்கு வடக்கே அகிலாரேஸ் என்ற கரும்பு விளையும் பிரதேசம் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த ருத்திலியோ கிராந்தே 1972 முதல் அங்கே பங்குக்குருவாக இருந்தார். அவர் அயலூரான எல் பைஸ்னாலில் பிறந்த மண்ணின் மைந்தர், ரொமேரோவின் நண்பர், 1970இல் ரொமேரோ ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட சடங்கை நெறிப்படுத்தியவர். அவரும் தோழர்களும் கிராமங்களில் சிறு சிறு குழுக்களை அமைத்தனர். எழுத்தறிந்தவர் விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். பின்னர் அனைவரும் தத்தம் வாழ்வோடு பொருத்தி அதைப் பற்றிப் பேசுவர். குருவானவர் பேச, மக்கள் கேட்கும் நானூறு ஆண்டு வழக்கம் இங்கே தலைகீழாயிற்று. அக்குழுக்களிற் பேசப் பழகியவர்கள் விரைவில் கரும்பாலையிலும் பேசினர். 1973 மே மாதத்தில் லா கபாஞா ஆலைத் தொழிலாளர் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தனர். கிறிஸ்தவ விவசாயிகள் சம்மேளனம் அப்பகுதியில் வேரூன்றியது. கிராந்தே அச்சம்மேளனத்தின் தலைவரல்லர். சமயப் பணியையும் அமைப்புப் பணியையும் வேறுபடுத்தியே வைக்க முயன்றார். ஆனால் மக்கள் அவ்வாறு வேறுபடுத்தவில்லை.

1977 மார்ச் 12ஆம் திகதி எல் பைஸ்னாலுக்குத் திருப்பலிக்காகச் சென்றுகொண்டிருந்த கிராந்தேயும், உடன்சென்ற முதியவர் மனுவேல் சொலோர்சனோவும், நெல்சன் ருத்திலியோ லேமுஸ் என்ற பதின்ம வயதுச் சிறுவனும் சுட்டுக்கொல்லப்பட்டனர். பேராயராகி மூன்று வாரமே ஆன ரொமேரோ அன்றிரவே அங்கு சென்றார். மூன்று சடலங்களையும் பார்த்தார். அவற்றைச் சுற்றி இரவு முழுவதும் அமர்ந்திருந்த விவசாயிகளையும் பார்த்தார். வரலாற்றாசிரியர்கள் முன்னதைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். பின்னதே முக்கியமானது என்பது எனது கருத்து. திரேஸ் காயேசில் அவர் கண்டவர்கள் அழுதுகொண்டிருந்த விதவைகள். அகிலாரேசில் அவர் கண்டவர்கள் அமைப்பாகத் திரண்ட மக்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர் என அவரைக் கேட்கும் நிலையில் அவர்கள் இருந்தனர்.

அவர் செய்தவை தெளிவானவை. கொலை விசாரிக்கப்படும்வரை அரசாங்க வைபவங்களிற் கலந்துகொள்வதில்லை என அறிவித்தார். இறுதிவரை அதனைக் கடைப்பிடித்தார். சூலையிற் பதவியேற்ற புதிய சனாதிபதி ஜெனரல் கார்லோஸ் உம்பர்த்தோ ரொமேரோவின் — பெயரொற்றுமை தவிர இருவருக்கும் உறவில்லை — விழாவுக்கும் அவர் செல்லவில்லை. மார்ச் 20ஆம் திகதி ஞாயிறன்று மறைமாவட்டத்தின் எல்லா ஆலயங்களிலும் திருப்பலி நிறுத்தப்பட்டு, பேராலய முன்றலில் ஒரேயொரு திருப்பலி நடைபெற்றது. ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் கூடினர். பாப்பரசரின் தூதுவர் அதனைத் தடுக்க முயன்றார். குருமாருடன் நீண்ட நேரம் கலந்துரையாடி, பெரும்பான்மையினரின் கருத்தை ஏற்று, தூதுவரின் விருப்புக்கு மாறாக ரொமேரோ அம்முடிவுக்கு வந்தார். உரோமாபுரியின் சொல்லுக்குப் பணிதலையே வாழ்நாள் முழுவதும் பெரும் ஒழுக்கமாகக் கொண்டிருந்த ஒருவருக்கு இது எளிதாக இருந்திருக்க முடியாது.

மே மாதத்தில் இராணுவம் அகிலாரேசைச் சுற்றிவளைத்தது. ஆலயம் படைமுகாமாயிற்று, நற்கருணைப் பேழையும் சுடப்பட்டது. ஒரு மாதத்தின் பின் ரொமேரோ அங்கு திரும்பிச் சென்று திருப்பலி நிறைவேற்றி, ஊர்வலத்தை நடத்தினார். அவரது காலத்தில், அவருக்கு முன்னர், ஆறு குருமார் கொல்லப்பட்டனர். விவசாயிகளினதும் ஆசிரியர்களினதும் தொழிலாளர்களினதும் தொகையோ எண்ணிலடங்காது.

இலக்கிய மாணவன் என்ற முறையில் ரொமேரோவின் ஞாயிறு மறையுரைகளே என்னை அதிகம் ஈர்ப்பவை. அவை பேராலயத்தில் நிகழ்த்தப்பட்டு, மறைமாவட்டத்தின் வானொலி நிலையத்தினூடாக நாடெங்கும் ஒலிபரப்பாயின. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக நீள்வது வழக்கம். முழுமையாக எழுதி வாசிக்கப்பட்டவையல்ல. சிறு குறிப்புக்களை வைத்துக்கொண்டு பேசப்பட்டவை. இன்று நாம் வாசிப்பவை ஒலிநாடாவிலிருந்து படியெடுக்கப்பட்டவை. அவற்றின் அமைப்பு கவனத்துக்குரியது. முதலில் அன்றைய விவிலிய வாசகங்களுக்கு விளக்கம். அது பழைமையான முறையில், தலைப்புக்களாகப் பகுக்கப்பட்டு, பொறுமையுடன் செல்லும். புரட்சியை எதிர்பார்த்து வாசிப்பவருக்குச் சற்றுச் சலிப்பூட்டவும் கூடும். பின்னர் வாரத்தின் நிகழ்வுகள். எந்த ஊரில் எந்தத் திகதியில் யார் பிடித்துச் செல்லப்பட்டார், யாருடைய உடல் எங்கே கண்டெடுக்கப்பட்டது, எந்தத் தாய் மகனைத் தேடி அலைகிறாள் என்பவை பெயர், ஊர் விபரங்களுடன் வாசிக்கப்படும். மறைமாவட்டச் சட்ட உதவி அலுவலகம் இவ்விபரங்களைச் சேகரித்துச் சரிபார்த்தது. தவறு கண்டவிடத்து அடுத்த ஞாயிறு திருத்தம் கூறப்பட்டது.

முக்கிய நாளேடுகள் உடைமையாளரின் நலன்களைப் பேணிய ஒரு நாட்டில், பெரும்பாலோர் எழுத்தறியாத கிராமங்களில், இதுவே செய்தித்தாளாயிற்று. ஆயின் இது செய்தித்தாள் மட்டுமன்று. கொல்லப்பட்ட விவசாயியின் பெயர் கிறிஸ்துவின் பாடுகள் பற்றிய வாசகத்துக்குப் பின்னர், அதே குரலில், அதே பீடத்திலிருந்து உச்சரிக்கப்படுகையில், வாழ்நாளில் எந்த ஆவணத்திலும் மதிப்புடன் எழுதப்படாத அப்பெயர் திருமறையின் தளத்துக்கு உயர்த்தப்படுகிறது. உருவம் பழையது, உள்ளடக்கம் புதியது. பழைய உருவத்தினாலேயே புதிய உள்ளடக்கம் வலுப்பெற்றது. மறையுரையின் நிதானமான முற்பகுதியை வெட்டிவிட்டு 'அரசியல்' பகுதியை மட்டும் தொகுத்து வெளியிடும் எமது முற்போக்கு வழக்கம், பிரதியின் இந்த இயக்கத்தையே சிதைத்துவிடுகிறது. கிராமங்களில் கேட்டவர்கள் முற்பகுதியையும் கேட்டார்கள். வானொலி நிலையம் மீண்டும் மீண்டும் குண்டுவைத்துத் தாக்கப்பட்டதிலிருந்து, இவ்விலக்கிய வடிவத்தின் ஆற்றலைப் பகைவர் எம்மிலும் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

அவர் வெளியிட்ட சுற்றுமடல்கள் நான்கு. 1978 ஓகஸ்டில் ஆயர் ரிவேரா இ தமாசுடன் இணைந்து வெளியிட்ட மூன்றாவது மடல், மக்கள் அமைப்புக்கள் பற்றியது. விவசாயிகள் அமைப்பாவது சட்டவிரோதம் என்றிருந்த நாட்டில், அமைப்பாதல் மனித உரிமை என்று அது வாதித்தது. வன்முறையை வகைப்படுத்தி, அமைப்பிற் பொதிந்த வன்முறையையும் அரசின் அடக்குமுறையையும் அதற்கெதிரான தற்காப்பையும் வேறுபடுத்தியது. நாட்டின் ஏனைய ஆயர்களுட் பெரும்பான்மையோர் உடனே எதிர்மடல் வெளியிட்டனர். திருச்சபைக்கு வர்க்கமில்லை என்போர் இவ்விரு மடல்களையும் அருகருகே வைத்து வாசித்தல் நன்று.

1979 ஓகஸ்டின் நான்காவது மடல் எமக்குச் சங்கடமானது. அதனாலேயே நாம் அதனை வாசிக்க வேண்டும். மூன்று விக்கிரகங்களை அம்மடல் கண்டிக்கிறது. முதலாவது, செல்வத்தையும் தனியுடைமையையும் முழுமுதலாக்குதல். இரண்டாவது, தேசிய பாதுகாப்பை முழுமுதலாக்குதல். இவ்விரண்டையும் கைதட்டி வரவேற்கும் முற்போக்காளர் மூன்றாவதைக் கண்டுகொள்வதில்லை. அமைப்பை முழுமுதலாக்குதலே அது. மக்களுக்காகத் தோன்றிய அமைப்பு, மக்களையே தன் நலனுக்குக் கீழ்ப்படுத்துதல். மாக்சியத்தின் பகுப்பாய்வு முறையையும் அதன் நாத்திகத் தத்துவத்தையும் அம்மடல் வேறுபடுத்தி நோக்குகிறது; பின்னதை ரொமேரோ ஒருபோதும் ஏற்கவில்லை.

இக்கண்டனத்தைக் குட்டி முதலாளித்துவத் தயக்கம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் எல் சல்வடோரின் மிகச் சிறந்த புரட்சிக் கவிஞரான ரொக் தால்தன் 1975 மே 10ஆம் திகதி கொல்லப்பட்டது இராணுவத்தினாலன்று. தாம் சேர்ந்திருந்த ஆயுத இயக்கத்தின் தோழர்களால், துரோகி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு. அதனை அறிந்த ஒருவர் அந்த மூன்றாம் விக்கிரகத்தைக் கற்பனை என்று கூறமுடியாது. ஈழத்து வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர் தவறவேயில்லை என்பதும் எனது வாதமன்று. 1979 ஒக்டோபர் 15ஆம் திகதி இளம் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றிச் சீர்திருத்தம் வாக்களித்தபோது, ரொமேரோ அவர்களுக்கு எச்சரிக்கையுடன் கூடிய ஆதரவளித்தார். மக்கள் அமைப்புக்கள் அவரைக் கடுமையாகச் சாடின. கொலைகள் குறையவில்லை; 1980 சனவரியில் அரசாங்கத்திலிருந்த முற்போக்கான சிவிலியர்கள் பதவி விலகினர். நல்லெண்ணமுள்ள அதிகாரிகள் மேலிருந்து நீதி வழங்குவர் என்ற, மொலினாவுக்குக் கடிதம் எழுதிய காலத்து நம்பிக்கையின் கடைசி எச்சம் அது எனக் கொள்ளலாம். பேராயரைவிட அமைப்புக்கள் நிலைமையைச் சரியாகக் கணித்திருந்தன.

உரோமாபுரியும் அவருக்கு ஆறுதலளிக்கவில்லை. 1979 மே மாதத்தில் கொலைகள் பற்றிய ஆவணக் கட்டுடன் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரைச் சந்தித்தபோது, நிதானமும் ஆயர்களிடையே ஒற்றுமையும் வேண்டும் என்ற அறிவுரையே கிடைத்தது. மறைமாவட்ட நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கும் யோசனையும் அங்கே பரிசீலனையில் இருந்தது. ஒலிநாடாவில் அவர் பதிந்துவந்த நாட்குறிப்பில் இக்காலத்து மனவேதனை வெளிப்படையாகவே தெரிகிறது.

1980 பெப்ரவரி 2ஆம் திகதி பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அங்கு ஆற்றிய உரையின் முடிவில், பண்டைய திருச்சபைத் தந்தை இரேனியுசின் புகழ்பெற்ற கூற்றொன்றை எடுத்தாண்டார். இறைவனின் மகிமை மனிதன் வாழ்தலில் உள்ளது என்பது அதன் கருத்து. அதில் 'மனிதன்' என்ற சொல்லை நீக்கி, 'ஏழை' என்ற சொல்லை வைத்தார். ஒரு சொல்லே மாறிற்று. அருவமான 'மனிதன்' வர்க்கத்தைச் சேர்ந்த மனிதனாகிறான். மூன்றாண்டு அனுபவம் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

அதே மாதம் 17ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்க சனாதிபதி காட்டருக்கு எழுதிய கடிதத்தை மறையுரையில் வாசித்தார். இராணுவ உதவி அநீதியையும் அடக்குமுறையையும் கூர்மைப்படுத்தும், எனவே அதனை வழங்க வேண்டாம் என்பது வேண்டுகோள். மறுநாள் வானொலி நிலையம் குண்டினாற் தகர்க்கப்பட்டது. மார்ச் 23ஆம் திகதி, திருத்தப்பட்ட நிலையம் மீண்டும் ஒலித்தபோது, ரொமேரோ படைவீரர்களையும் தேசியக் காவற்படையினரையும் பொலிசாரையும் நேரடியாக விளித்தார். நீங்களும் இம்மக்களில் ஒரு பகுதியினரே, உங்கள் விவசாயச் சகோதரரையே கொல்கிறீர்கள் என்றார். இறைவனின் சட்டத்துக்கு மாறான கட்டளைக்குப் பணிய எவருக்கும் கடமையில்லை என்றார். அடக்குமுறையை நிறுத்துமாறு இறைவனின் பெயரால் ஆணையிட்டார்.

இவ்வுரையின் கூர்மை அதன் சமயத் தொனியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. துப்பாக்கி ஏந்தியவனும் அதற்கு இரையாகுபவனும் ஒரே நிலமற்ற வர்க்கத்தினர் என்ற உண்மையை அது வெளிப்படுத்திற்று. வறுமை பற்றிய பிரசங்கத்தை எந்த ஆளும் வர்க்கமும் சகித்துக்கொள்ளும். சீருடையணிந்த விவசாயியின் கீழ்ப்படிவை அசைக்கும் பேச்சை அதனாற் சகிக்க முடியாது. கொலை மிரட்டல்கள் முன்பே இருந்தனவெனினும், தோட்டா பாய்ந்தது மறுநாள் மாலை. அவர் எளிய அறையொன்றில் வாழ்ந்துவந்த புற்றுநோயாளர் மருத்துவமனையின் சிற்றாலயத்தில், பத்திரிகையாளர் ஒருவரின் தாயாருக்கான ஓராண்டு நினைவுத் திருப்பலியில், மறையுரை முடிந்த கணத்தில் அது நிகழ்ந்தது. மார்ச் 30ஆம் திகதி அடக்கச் சடங்குக்காகப் பேராலயச் சதுக்கத்திற் கூடிய மக்கள்மீது குண்டும் வேட்டும் பாய்ந்தன, பலர் மாண்டனர். ஐக்கிய அமெரிக்கா, அவரது வேண்டுகோளுக்கு மாறாக, 57 இலட்சம் டொலர் இராணுவ உதவியை வழங்க முன்வந்தது. 1992 சனவரியில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை நீடித்த உள்நாட்டு யுத்தத்தில் மாண்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

1993 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணைக்குழு, கொலைக்கு உத்தரவிட்டவர் முன்னாள் மேஜர் ரொபேர்தோ தோபுய்சோன் என அறிவித்தது. 1981இல் அவர் நிறுவிய அரேனா கட்சியே அப்போது ஆட்சியில் இருந்தது. அவர் முந்திய ஆண்டு நோயால் இறந்துவிட்டார். அறிக்கை வெளிவந்து ஐந்து நாட்களிற் பாராளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று.

புனிதராக்கும் முயற்சி நீண்டகாலம் உரோமாபுரியில் முடங்கிக் கிடந்தது. இங்கே சுவையான சட்டச் சிக்கல் ஒன்றுண்டு. மறைச்சாட்சி என ஏற்க, கொலைஞன் விசுவாசத்தின்மீதான வெறுப்பினாற் கொன்றிருக்க வேண்டும். ரொமேரோவைக் கொன்றோரோ திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். கம்யூனிசத்திலிருந்து கிறிஸ்தவத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டவர்கள். அவ்வாறெனில் அது அரசியற் கொலையா, விசுவாசத்தின் பொருட்டான கொலையா? 2013இல் பாப்பரசர் பிரான்சிசின் காலத்தில் தடை நீங்கியது. 2015 பெப்ரவரியில் அது விசுவாசத்தின்மீதான வெறுப்பே எனத் தீர்மானிக்கப்பட்டது. ஏழைகளின் பக்கம் நிற்றல் விசுவாசத்தின் உள்ளடக்கமே என்றும், கத்தோலிக்கன் ஒருவன் அவ்விசுவாசத்தை வர்க்க நலன் காரணமாக வெறுக்கக்கூடும் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். இறையியலாளர் வேறு சொற்களில் இதனைக் கூறுவர். 2015 மே 23ஆம் திகதி சான் சல்வடோரில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2018 ஒக்டோபர் 14ஆம் திகதி உரோமாபுரியிற் புனிதராக்கப்பட்டார். அன்றைய திருப்பலியில் பிரான்சிஸ் அணிந்திருந்த இடைக்கயிறு, ரொமேரோ சுடப்பட்டபோது அணிந்திருந்தது. இரத்தக்கறை அதில் இருந்தது. ருத்திலியோ கிராந்தேயும் உடன் மாண்ட இருவரும் 2022 சனவரியில் முத்திப்பேறு பெற்றோராயினர். கரும்புப் பிரதேசத்து முதியவரும் சிறுவனும் குருவானவரோடு அப்பட்டியலில் இடம்பெற்றது, எனது நோக்கில், ரொமேரோவின் புனிதர் பட்டத்திலும் கனதியானது.

விமான நிலையத்துக்கு 2014இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பொதுமன்னிப்புச் சட்டம் 2016 சூலையில் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளப்பட்டது. கொலையை ஒழுங்குசெய்தவருள் ஒருவரான முன்னாள் கப்டன் அல்வாரோ சராவியாவுக்கு எதிராக 2004இல் கலிபோர்னியாவின் நீதிமன்றம் ஒன்று ஒரு கோடி டொலர் நட்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. அது குடியியல் வழக்கு. அவர் மன்றுக்கு வரவில்லை. எல் சல்வடோரின் நீதிமன்றம் எதுவும் இக்கொலைக்காக ஒருவரையேனும் குற்றவாளியெனக் கண்டதில்லை.